புழுதி வாங்கப் போனவன்

கண்டக்டர் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. டிக்கெட் கிழிக்கக் கை போதும், பஸ்ஸில் பிழைக்க வாய் வேண்டும். எழுபதுகளின் கடைசியில், சந்தவாசல் வழியாக ஜவ்வாது மலை ஏறிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். காலையில் மேலே போய், ஜமுனாமரத்தூரில் நாலு மணி நேரம் நின்று, சாயங்காலம் கீழே இறங்குகிற வண்டி. ஐம்பது பேர் உட்காரும் இடத்தில் எண்பது பேர் நிற்பார்கள். கூடவே பலாப்பழம், புளி மூட்டை, கோழி, கால் கட்டிய ஆட்டுக்குட்டி. யாராவது ஒருவர் என்னைத் திட்டாமல் ஒரு ட்ரிப்பும் முடிந்ததில்லை. நானும் சும்மா விட்டதில்லை. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன். பஸ் முழுக்கச் சிரிக்கும், திட்டியவரும் கடைசியில் சிரித்துவிடுவார். வாய்க்காரன் என்று எனக்குப் பேர். பாதி நாள் அந்தப் பேரைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

வார்த்தைகள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்கு உண்டு. யார் என்ன சொன்னாலும் அது எங்கிருந்து வந்தது என்று குடைவேன். டிக்கெட் எடுக்காமல் வருகிறவனை ஓசி என்கிறோமே, அது வெள்ளைக்காரக் கம்பெனி தன் தபாலுக்கு ஸ்டாம்ப் வேண்டாம் என்று உறைமேல் போட்ட இரண்டு இங்கிலீஷ் எழுத்து என்று ஒரு போஸ்ட்மாஸ்டர் சொன்னார். அன்றைக்கு முழுக்க பஸ்ஸில் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் மளிகைக்கடை பாய், “அக்கப்போர்னா சண்டை இல்ல தம்பி. சேதின்னு சொல்றதுக்கு எங்க வூட்டு உருது வார்த்தை அது, அக்பார். உங்க வாய்ல வந்து போர் ஆயிடுச்சு” என்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிற எங்கள் டிரைவர், சோமாரி என்பது சோம்பேறிக்கு அவர்கள் வைத்த பேர்தான் என்றார். அதன் பிறகு நான் அவரை அப்படிக் கூப்பிட்டால், “அர்த்தம் தெரிஞ்சும் திட்றியா?” என்று கோபித்துக்கொள்வார். இதையெல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்தேன்.

பிடித்த வார்த்தை எது என்று கேட்டால் ‘தோ’ என்பேன். “தோ வர்றேன்” என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு எழுத்துக்குள் ஒரு நிமிஷமும் இருக்கலாம், அரை நாளும் இருக்கலாம். எங்கள் பக்கத்து ஆட்களின் சுபாவம் முழுக்க அதில் இருக்கிறது. பிடிக்காத வார்த்தையைச் சொல்ல எனக்கு யோசிக்கவே வேண்டாம். தண்டச்சோறு.

பத்தாவதில் கோட்டை விட்டுவிட்டு மூன்று வருஷம் வீட்டில் இருந்தேன். அந்த மூன்று வருஷமும் என் அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “தண்டச்சோறு வந்துட்டான், தட்டு வை” என்பார் அம்மாவிடம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இன்னும் சத்தமாகச் சொல்வார். ஒரு தடவை என் அத்தை மகள்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். வாயில் வைத்த கவளத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தண்டம் என்றால் வீண், தண்டம் என்றால் அபராதம் என்றெல்லாம் பிற்பாடு தேடித் தெரிந்துகொண்டேன். ஒரு வார்த்தையின் பூர்வீகம் தெரிந்தால் அதன் விஷம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். மற்ற வார்த்தைகளுக்கு இறங்கியது, இதற்கு மட்டும் இறங்கவில்லை.

பஸ்ஸில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. சம்பாதிக்கிறவனை ஏன் சொல்லப்போகிறார்கள்? நான்தான் மற்றவர்களை என்னென்னவோ சொன்னேன். மூட்டையோடு முண்டியடித்து ஏறுகிற மலைக்காரர்களைப் பார்த்து, “ஏய், காட்டான் மாதிரி ஏறாத” என்பேன். நாளைக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். அவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். கீழே இருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். காட்டில் இருக்கிறவனைக் காட்டான் என்பதில் என்ன தப்பு என்று கேட்டால் அதற்கும் ஒரு வியாக்கியானம் வைத்திருந்தேன்.

அதை என் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொன்னவன் ஒருவன்தான். ஜமுனாமரத்தூரிலிருந்து அரை மணி நடை தூரத்தில் அவனுடைய ஊர். என்னைவிட இரண்டு வயது சின்னவன். சாமையும் கேழ்வரகும் விளைகிற கொல்லை, நாலு புளியமரம், வயதான அப்பா, இவ்வளவுதான் அவனுக்கு. சந்தை நாளில் புளி மூட்டையைப் பஸ்மேல் ஏற்ற வந்தவனிடம் ஏதோ ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன். சொன்னான், சொல்லிவிட்டு, “சாப்டியா?” என்று கேட்டான். அன்றிலிருந்து பஸ் நிற்கும் அந்த நாலு மணி நேரத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாவது அவன் வீட்டில்தான் என் சாப்பாடு. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போடுவான். நான் டைரியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன். அவன் என்னை அண்ணே என்பான், ஆனால் வா, போ என்றுதான் பேசுவான். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சொன்னான்: “அண்ணே, பஸ்ல இன்னா வேணா சொல்லிக்க. அந்தக் காட்டான்ற வார்த்தை மட்டும் வாணாம். எங்க ஆளுங்க வாய்ல பதில் வராது, ஆனா வூட்டுக்கு வந்து அன்னிக்குச் சோறு சரியா துன்ன மாட்டாங்க.”

சரிப்பா என்றேன். நாலு நாள் ஞாபகம் வைத்திருந்தேன், ஐந்தாம் நாள் வாய் பழையபடி ஓடியது.

அவன் சொல்லிக் கொடுத்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டு பேச்சு. அந்த நாலைந்து ஊர்களில் பெண் கேட்கப் போவதை ‘நெருப்பு கேக்கறது’ என்பார்கள். தீப்பெட்டி வராத காலத்தில் அடுப்பு அணைந்துபோனால் பக்கத்து வீட்டில் போய்க் கங்கு வாங்கி வருவார்களாம். கங்கு கொடுக்கிற வீட்டோடுதான் சம்பந்தம் பேச முடியும், அதனால் அந்தப் பேர் என்றான். இன்னொன்று ‘புழுதி வாங்கறது’. சாமை தூற்றும்போது முறத்துக்கு முன்னால் நிற்கிறவன் மேல்தான் மண்ணும் உமியும் விழும், அவன் நகர மாட்டான். அதே மாதிரி, பெண் கேட்கப் போகும்போது பெண்ணின் அத்தை முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று வந்தவர்களைத் திட்டித் தீர்ப்பாள். மாப்பிள்ளை தரப்பில் பேச வந்தவன் அத்தனையையும் தலை குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பதிலுக்கு, “ஆமா தாயி, அதுவும் சரி” என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது.

“எதுக்குப்பா இந்தக் கூத்து?” என்று கேட்டேன்.

“மனுசன் வாய்ல இருக்கிற கெட்ட வார்த்தை எல்லாம் அன்னிக்கே தீந்துடணும் அண்ணே. அப்புறம் ரெண்டு வூட்டுக்கும் நடுவுல சண்டை வந்தாலும் பொண்ணு மேல வுழறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது. அதுக்குத்தான்.”

நான் அதை டைரியில் அப்படியே எழுதினேன். கீழே கோடு கூடப் போட்டேன். அதனால்தான் சொல்கிறேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி கிடையாது.

அவனுக்கு ஒரு பெண் மேல் மனசு இருந்தது. இரண்டு மேடு தாண்டி இருந்த ஊர்க்காரி. சந்தைக்குத் தேனும் கடுக்காயும் கொண்டுவருவாள். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் கூடையை இறக்குவாள். இவன் புளி மூட்டை பக்கத்தில் நின்றுகொண்டு ஆகாயத்தைப் பார்ப்பான். அவள் தரையைப் பார்ப்பாள். இரண்டு வருஷமாக இதுதான் அவர்கள் காதல். “இன்னாப்பா, மழை வருமா?” என்று நான் கேட்டால் அவனுக்குக் காது மடல் சிவந்துபோகும். அவளும் கேட்டுவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

தை மாதம், அறுப்பெல்லாம் முடிந்து, பெண் கேட்கப் போகலாம் என்று அவன் வீட்டில் முடிவானது. பேசப் போகிறவன் மாப்பிள்ளையின் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருக்கக் கூடாது. வெளி ஆள்தான் வேண்டும். வழக்கமாகப் பேசுகிற பெரியவர் ஒருவர் காலொடிந்து படுத்திருந்தார். அவன் என்னிடம் வந்தான்.

“நீ வர்றியா அண்ணே?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. மலைக்குள் ஒரு கீழ்நாட்டுக்காரனைக் கூப்பிட்டுப் பெண் கேட்கச் சொல்கிறார்கள் என்றால் என் பேச்சின் பெருமை அப்படி என்று நினைத்தேன். அவன் வேறு காரணம் சொன்னான். “நீ தெனம் பஸ்ல எத்தினி பேருகிட்டத் திட்டு வாங்கற. தொடச்சிப் போட்டுட்டுப் போய்ட்டே இருக்க. எதையும் மனசுல வெச்சுக்காத ஆளு. வாங்கினதை எல்லாம் மலைக்குக் கீழ எடுத்துக்கிட்டும் பூடுவ.” நான் அதைக் காதில் போட்டுக்கொண்டேனே தவிர மனசில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குக் கிடைத்தது பேச்சாளர் பதவி என்றே வைத்துக்கொண்டேன். புதுப் பேண்ட் தைத்தேன்.

டிரைவரிடம் சொல்லி ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அவன், அவன் அப்பா, ஊர்க்காரர்கள் இருவர், நான். காலை வெயிலில் இரண்டு மேடு ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தோம். பெண் வீட்டு வாசல் சாணி மெழுகிச் சுத்தமாக இருந்தது. பலாமரத்து நிழலில் கோணிச்சாக்கு விரித்திருந்தார்கள். உள்ளே களி கிண்டுகிற வாசனை வந்தது. எங்களுக்காகத்தான் கிண்டினார்கள். ஊரே வந்து சுற்றி நின்றது. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். கதவுக்குப் பின்னால் அவளுடைய கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

“உங்க வூட்டு அடுப்புல கொஞ்சம் நெருப்பு கேட்டு வந்தோம் தாயி” என்று நான் ஆரம்பித்தேன். குரல் கணீரென்று வந்தது. எனக்கே திருப்தியாக இருந்தது.

அத்தை முறத்தோடு வந்தாள். கனத்த உடம்பு, நரைத்த கொண்டை, சிரிப்பை அடக்கிக்கொண்ட முகம். அவள் அந்த வேலையை ரசித்துச் செய்தாள். “நெருப்பா? உங்க வூட்டுல அடுப்பு இருக்குதா மொதல்ல?” என்று தொடங்கினாள். மாப்பிள்ளையை நொண்டிக் கழுதை என்றாள், அவன் ஆடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பாவைக் கூழில் உப்புப் போடத் துப்பில்லாதவன் என்றாள், கிழவர் பொக்கை வாயால் சிரித்தார். ஒவ்வொன்றுக்கும் நான், “ஆமா தாயி, அதுவும் சரி” என்றேன். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் உள்ளுக்குள் சிரித்தபடி, இதெல்லாம் டைரிக்கு ஆகும் என்று ஒவ்வொன்றையும் மனசில் குறித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவள் என் பக்கம் திரும்பினாள். என் புதுப் பேண்டை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“இந்தக் கால்சட்டை போட்ட தண்டச்சோறு யாரு? அப்பன் வூட்டுச் சோத்தத் துன்னு தீத்துட்டு, எங்க வூட்டுச் சோத்துக்குத் தட்டு தூக்கிக்கினு வந்தியா?”

அவளுக்கு என்னைத் தெரியாது. என் அப்பாவைத் தெரியாது. அந்த மலையில் ஒருத்தருக்கும் நான் அந்தக் கதையைச் சொன்னதில்லை. வாசலில் வந்து நிற்கிற எவனையும் சொல்கிற வார்த்தை, வாயில் வந்தது, சொன்னாள். இது எல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது அந்தப் பந்தியும் குனிந்த தலைகளும்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு என் முழங்காலில் கை வைத்து அழுத்தினான். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். எழுந்து நின்றேன்.

“காட்டானுங்க வூட்டுச் சோத்த எங்க ஊரு நாய் கூட மோந்து பாக்காது” என்றேன்.

எழுதவே கை கூசுகிறது. ஆனால் இதைத்தான் சொன்னேன், இதைக் குறைத்து எழுதினால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

சிரிப்பு நின்றது. யாரும் கத்தவும் இல்லை, அடிக்க வரவும் இல்லை. அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். கிழவர் எழுந்திருக்க முயன்று முடியாமல் மகனின் தோளைப் பிடித்தார். கதவுக்குப் பின்னால் தெரிந்த கால் விரல்கள் உள்ளே போயின. அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “நெருப்பு அணஞ்சி போச்சி. போய் வாங்க.” என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார். களியைச் சாப்பிடாமல் திரும்பி நடந்தோம்.

வழியெல்லாம் நான்தான் பேசினேன். “அவ மட்டும் இன்னா வேணா சொல்லலாமா?” என்றேன். “என் மானம் போனா பரவால்லியா?” என்றேன். வெட்கத்தில் இருக்கிறவன்தான் அதிகம் கத்துவான். இரண்டாவது மேட்டில் அவன் நின்றான். அவன் கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அண்ணே, வழி இருக்கு” என்றான். “மூணாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள, பேசின ஆளே திரும்பி வந்து அந்த வாசல்ல நின்னு, ‘புழுதி என் மேலதான்’னு சொன்னா போதும். சரியாப் போயிடும். வேற யாரும் சொல்லக் கூடாது, நீதான் சொல்லணும். ஒரே ஒரு வார்த்தை.”

“பாக்கலாம்” என்றேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் கீழே இறங்கினேன். மறுநாள் உடம்பு சரியில்லை என்று முதலாளிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வீட்டிலேயே கிடந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மலை ஏறினால் அவன் பஸ் அருகில் நிற்பான் என்று தெரியும். போகலாமா என்று நினைப்பேன். அந்த வாசலும் அந்த முகங்களும் நினைவுக்கு வரும், காறித் துப்பினால் என்ன செய்வது என்று தோன்றும். அப்பா சொன்ன ஒரு வார்த்தைக்காக ஆறு வருஷம் அவரிடம் நேராகப் பேசாதவன் நான். என்னிடம் யாரும் மன்னிப்பு கேட்டதில்லை, நான் யாரிடமும் கேட்டதில்லை, எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. இது ஒரு சால்ஜாப்பு, தெரியும்.

மூன்றாம் நாள் காலை அவன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். முதல் பஸ்ஸில் இறங்கி, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் வெற்றிலைக் கட்டும், துணியில் முடிந்த ஏதோ தானியமும் இருந்தன. அந்த வாசலுக்கு நான் கொண்டுபோக வேண்டியதை எல்லாம் அவனே வாங்கி வந்திருந்தான். நான் இல்லை என்று சொல்லும்படி அம்மாவிடம் கையைக் காட்டினேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

“அவன் ஊர்ல இல்லப்பா. ஆரணிக்குப் போயிருக்கான்.”

“எப்ப வருவாருன்னு தெரியுமாம்மா?”

“தெரியலியே.”

“பரவால்லம்மா, இருந்து பாக்கறேன். வந்தா சொல்லுங்க, ஒரு வார்த்தை போதும்னு சொல்லுங்க. அவரு ஒண்ணும் எடுத்துக்கிட்டு வர வாணாம்.”

எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான். அம்மா ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டு சொம்பைக் கழுவி வாசலில் வைத்துவிட்டுப் போய் மறுபடி உட்கார்ந்தான். நான் உள்ளே சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். இருமல் வந்தது, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் மேலே போய்ச் சேருகிற கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்தான். வெற்றிலையை அம்மாவிடமே கொடுத்துவிட்டுப் போனான். அம்மா உள்ளே வந்து அதை என் முன்னால் வைத்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அந்தப் பெண்ணை மாசி மாதத்தில் வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் திரும்ப வேலைக்குப் போனபோது அவன் பஸ்ஸுக்கு வந்தான், மூட்டை ஏற்றினான். “வணக்கங்க கண்டக்டர்” என்றான். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அடுத்த வருஷமே காப்பித் தோட்ட வேலைக்கு என்று குடகு பக்கம் போய்விட்டான். கல்யாணம் செய்துகொண்டதாக யாரும் சொல்லவில்லை. அவன் அப்பா இறந்தபோது வந்துவிட்டுப் போனானாம், அன்று நான் வேறு ரூட்டில் இருந்தேன். காட்டான் என்ற வார்த்தையை அதன் பிறகு நான் சொல்லவில்லை. ஆனால் அதனால் யாருக்கு என்ன லாபம்?

நாலைந்து வருஷம் போயிருக்கும். ஒரு சந்தை நாள், பஸ் கூட்டத்தோடு மலை இறங்கிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, பக்கத்தில் கூடை. “எங்க போவணும்?” என்று கேட்டுக்கொண்டே போன பிறகுதான் முகத்தைப் பார்த்தேன், அன்று கதவுக்குப் பின்னால் நின்றவள். அவள் என்னை முன்பே பார்த்துவிட்டிருந்தாள்.

“சந்தவாசல். கொழந்தைக்குக் காச்சல், ஆஸ்பத்திரிக்கு” என்றாள். சில்லறையை எடுத்து நீட்டினாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் கையை மடக்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

வண்டி ஒரு வளைவில் திரும்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள். கோபமே இல்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

“அன்னிக்கு மூணு நாளும் எங்க அத்தை வாசல்லியே உக்காந்திருந்திச்சு. சோறு துன்னல. நீங்க சொன்னதுக்குக் கோவம் இல்லீங்க. ‘அந்தப் புள்ள மூஞ்சி போன போக்கப் பாத்தியா, நான் எதையோ தொடக் கூடாத எடத்துல தொட்டுட்டேன்’னு அழுதுக்கினே இருந்திச்சு. நீங்க வந்தா, நீங்க சொல்றதுக்கு மின்னாடி அதுவே உங்ககிட்ட தப்புன்னு சொல்லிடணும்னு இருந்திச்சு. மூணாம் நாள் பொழுது சாஞ்சி, ஆளு தெரியாத இருட்டாவற வரைக்கும் பாத்திச்சு. அப்புறந்தான் உள்ள வந்திச்சு.”

குழந்தை சிணுங்கியது. அவள் தோளில் போட்டுத் தட்டினாள்.

“அத்தை போன வருசம் செத்துப் போச்சுங்க” என்றாள்.

பஸ் இரைச்சலில் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று நான் நின்றேன். என் மேல்தான் தப்பு என்று அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். குடகுக்குப் போனவன் காதுக்கு எப்படியாவது போய்ச் சேர்ந்திருக்கும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, முன்னால் இருந்தவர்களிடம் டிக்கெட் கேட்டுக்கொண்டே போய்விட்டேன்.